பெயர் இருக்கிறது, கல் இல்லை

புது வருஷத் தீர்மானமாக பைபிளை முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்துவிடுவது என்று கிளம்புகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ஆதியாகமம் சரசரவென்று போய்விடும். யாத்திராகமத்தில் செங்கடலைத் தாண்டியதும் வேகம் குறையும். லேவியராகமத்தில் பலி கொடுக்கும் முறைகள் வரிசையாக வந்ததும் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். அதையும் தாண்டி வருகிற பிடிவாதக்காரர்களைச் சோதிப்பதற்கென்றே நெகேமியா புத்தகத்தில் ஓர் அதிகாரம் இருக்கிறது. மூன்றாவது அதிகாரம். மொத்தம் 32 வசனங்கள். ஆனால் வசனம் பேசுகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. சண்டை இல்லை, அற்புதம் இல்லை. இன்னார் மகன் இன்னார் மதிலில் இவ்வளவு தூரம் பழுது பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னார். அவருக்குப் பக்கத்தில் இன்னார். இப்படியே ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு. மஸ்டர் ரோல், அவ்வளவுதான்.

நியாயமாகப் பார்த்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டும். புரட்டாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த வாரம்.

பக்திக்காகச் சொல்லவில்லை. எழுத்து என்கிற கணக்கில் சொல்கிறேன். பழைய ஏற்பாட்டில் மன்னர்களைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. ஒரு ஊரின் மதிலையும் கோபுரங்களையும் எந்தெந்தக் கைகள் தூக்கி நிறுத்தின என்று ஆள் ஆளாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

முதலில் கதைச் சுருக்கம். கி.மு. 586-ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை ஜெருசலேமைக் கொளுத்தி மதில்களை இடித்துப்போட்டது. பெரிய மனிதர்களையெல்லாம் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு பாபிலோனைப் பாரசீகர்கள் விழுங்கினார்கள். ஒன்றரை நூற்றாண்டு நெருங்கும் சமயம், சூசான் அரண்மனையில் பாரசீக மன்னன் அர்தசஷ்டாவுக்குத் திராட்சரசம் ஊற்றித் தரும் உத்தியோகத்தில் இருக்கிறார் நெகேமியா என்ற யூதர். சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். ராஜாவின் கோப்பையைத் தொடுகிறவன் ராஜாவின் உயிரைத் தொடுகிறவன். ரொம்ப நம்பிக்கையான ஆளுக்குத்தான் கிடைக்கும். ஊரிலிருந்து வந்தவர்கள் மதில் இடிந்து கிடக்கிறது என்று சொல்லக் கேட்டு அழுகிறார். மன்னனிடம் லீவு கேட்கிறார். கூடவே மரம் வெட்டிக்கொள்ள ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கி.மு. 445.

ஜெருசலேமுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு ராத்திரி சில ஆட்களோடு கிளம்பி, இடிந்த மதிலை ஒட்டிச் சுற்றிப் பார்க்கிறார். ஓர் இடத்தில் இடிபாடு அதிகமாகி, ஏறி வந்த மிருகம் போக வழியில்லை. இந்த ராத்திரிச் சவாரியை அவர் எழுதியிருக்கும் விதம் அருமை. தன்னிலையில், சுருக்கமாக, ஒரு வார்த்தை மிச்சமில்லாமல். அதன் பிறகுதான் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, கட்டலாம் வாருங்கள் என்கிறார்.

அடுத்தது நம் மஸ்டர் ரோல்.

அதன் முதல் வசனத்திலேயே இரண்டு கோபுரங்கள் வருகின்றன. பிரதான ஆசாரியன் எலியாசிபும் மற்ற ஆசாரியர்களும் ஆட்டுவாசலைக் கட்டி, மேயா கோபுரம் வரை, அனானெயேல் கோபுரம் வரை மதிலை முடிக்கிறார்கள். கோபுரம் என்றதும் நமக்குக் கோயில் ஞாபகம் வரும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பழைய தமிழ் பைபிளில் இந்த இடத்தில் 'கொம்மை' என்று ஓர் அழகான வார்த்தை போட்டிருக்கிறார்கள். திரண்டு நிற்பது என்ற பொருள் அதற்குண்டு. நாம் கோட்டை கொத்தளம் என்கிறோமே, அந்தக் கொத்தளம்தான். காரியத்துக்கு நின்றது, காட்சிக்கு அல்ல.

என்ன காரியம்? மதிலின் காலடிக்கு வந்துவிட்ட எதிரியை மேலே நிற்கும் காவலாளி அடிக்க வேண்டுமென்றால் தலையை வெளியே நீட்ட வேண்டும். நீட்டினால் கீழேயிருந்து அம்பு. மதிலை விட்டு வெளியே துருத்திக்கொண்டு ஒரு கொத்தளம் இருந்தால் பக்கவாட்டிலிருந்து அடிக்கலாம். இரண்டு கொத்தளங்கள் இருந்தால் நடுவில் மாட்டியவன் தொலைந்தான். தூரத்தில் புழுதி கிளம்பினால் முதலில் தெரிவதும் அங்கிருந்துதான்.

இதில் ஊரின் பூகோளமும் சேர்கிறது. ஜெருசலேமுக்குக் கிழக்கே கீதரோன் பள்ளத்தாக்கு. மேற்கையும் தெற்கையும் இன்னோம் பள்ளத்தாக்கு சுற்றிக்கொண்டு போகிறது. இயற்கையே அகழி வெட்டிக் கொடுத்த மாதிரி. வடக்கே மட்டும் பள்ளம் இல்லை, மேடு அப்படியே தொடர்கிறது. படையெடுப்பவனுக்குச் சௌகரியமான பக்கம் அதுதான். அனானெயேலும் மேயாவும் நின்றது அந்த வடக்கு மதிலில். ஊரின் மிகப் பலவீனமான இடம். பட்டியல் அங்கேதான் தொடங்குகிறது, சுற்றி வந்து அங்கேதான் முடிகிறது. எடுத்தவுடன் கல் தூக்குகிறவர் ஊரிலேயே பெரிய ஆசாரியர். இந்த ஆரம்பம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அனானெயேல் என்றால் கடவுள் கிருபை செய்தார் என்று அர்த்தம். அந்தப் பெயருள்ள யாரோ ஒருவர் இருந்திருக்கலாம். மேயா என்றால் நூறு. நூறு முழ உயரமா, நூறு படியா, நூறு சிப்பாய் தங்கும் இடமா? ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, வட்டமா சதுரமா, எதுவும் சொல்லப்படவில்லை. தெரிந்த ஊர்க்காரர்களுக்கு எழுதும்போது யார் இதையெல்லாம் சொல்வார்கள்? சொல்லியிருப்பது பக்கத்தில் வேலை செய்தது யார் என்பதை மட்டும்.

யார் யார் என்று பாருங்கள். எரிகோ ஊர் ஆட்கள். தட்டார்களில் ஒருவரான ஊசியேல். அவருக்குப் பக்கத்தில் தைலம் செய்கிற அனனியா. ஒருவர் கை குன்றிமணி எடைக்குத் தங்கம் பார்த்துப் பழகியது, இன்னொருவர் கையில் எப்போதும் வாசனை. இரண்டும் இப்போது கருங்கல் மாதிரி கனக்கும் பாறையைப் புரட்டுகின்றன. சானோவா ஊர்க்காரர்கள் பள்ளத்தாக்கு வாசலைக் கட்டியதோடு நிற்காமல் மதிலில் ஆயிரம் முழம் பார்க்கிறார்கள். மல்கியா என்ற ஒருவர் ஒரு வட்டாரத்துக்கே தலைவர். அவருக்குக் கிடைத்தது எது தெரியுமா? குப்பைமேட்டு வாசல். ஊர்க் குப்பையெல்லாம் வெளியே போகும் வழி. முகம் சுளித்தாரா என்று தெரியாது. கதவு, தாழ்ப்பாள், குறுக்குச் சட்டம் எல்லாம் போட்டு முடித்துவிட்டார் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இன்னொரு கோபுரம், சூளைகளின் கோபுரம். ரொட்டி அடுப்பா, மண்பாண்டச் சூளையா என்பதில் சண்டை இருக்கிறது. எதுவானாலும் ராஜா பெயரோ தளபதி பெயரோ இல்லை. பக்கத்தில் வெந்து கொண்டிருந்த ஏதோ ஒன்றின் பெயர். கோட்டைக் கொத்தளத்துக்கு அடுப்பின் பெயரை வைத்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது.

சிலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். ஒருவர் தன் அறைக்கு எதிரே. அதாவது, வீடுகூட இல்லை போல, ஒரு ரூம். மேனேஜ்மென்ட் வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்த இடம் கரும்பு மாதிரி. 'பாருங்கள், அவரவர் வீட்டுக்கு முன்னால் வேலை கொடுத்தால் அவரவர் ஒழுங்காகச் செய்வார்கள், இதுதான் டெலிகேஷன்' என்று நெகேமியாவை ஒரு நல்ல புராஜெக்ட் மேனேஜராக்கி விடுவார்கள். அது முழுத் தப்பில்லை. ஆனால் அப்படிப் படிக்கிறவர்கள் அடுத்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தெக்கோவா ஊர்க்காரர்கள் விஷயத்தைப் பாருங்கள். அந்த ஊர் ஜனங்கள் வந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய பிரபுக்களோ கழுத்தைக் குனிய மறுத்துவிட்டார்கள். ஒரே வரிதான். திட்டவில்லை, வர்ணிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. வராதவர்களின் பெயரையும் சொல்லவில்லை. வந்தவர்கள் பட்டியலில் வராதவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார். இருபது வசனம் தாண்டி அதே தெக்கோவாக்காரர்கள் மறுபடி வருகிறார்கள். வெளியே துருத்தி நிற்கும் பெரிய கோபுரத்துக்கு எதிரே இரண்டாவதாக ஒரு பகுதியையும் முடித்திருக்கிறார்கள். முதலாளிகள் செய்யாத பங்கையும் சேர்த்தா? அதுவும் சொல்லப்படவில்லை. உங்களுக்கே புரிய வேண்டும்.

மூல ஹீப்ருவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதிகாரத்தின் முதல் பாதியில் 'பக்கத்தில்' என்பதற்கு வரும் சொற்றொடர், 'அல் யாதோ'. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'அவன் கையின்மேல்'. ஒருவர் கை முடிகிற இடத்தில் அடுத்தவர் கை. பாதிக்கு மேல் அது மாறி 'அவனுக்குப் பின்' என்று ஆகிவிடுகிறது. இரண்டு பட்டியல்களை ஒட்டவைத்த தழும்பு என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். இருக்கலாம். ஆனால் வாய்விட்டு வாசிக்கும்போது 'கையின்மேல், கையின்மேல்' என்று திரும்பத் திரும்ப வரும் அந்தத் தாளம் ஒரு வேலைப்பாட்டு மாதிரியே கேட்கிறது. கல்லை வாங்கு, கொடு, வாங்கு, கொடு.

சரி, இது ஒரு ஒற்றுமைப் பாட்டுதானா என்றால், இல்லை. புத்தகத்தின் மற்ற அதிகாரங்களையும் படித்துவிட்டு இந்தப் பட்டியலுக்குத் திரும்பி வந்தால் அடியில் கசிகிற விஷயங்கள் தெரியும்.

மதில் கட்டுவதை எதிர்த்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். சன்பல்லாத்து, தொபியா. தொபியா ஒரு கிண்டல் அடிக்கிறார். இவர்கள் கட்டும் மதில்மேல் ஒரு நரி ஏறினாலே இடிந்துவிடும் என்று. நல்ல நக்கல். ஆனால் இந்தத் தொபியாவின் மகன் யாருடைய மாப்பிள்ளை தெரியுமா? பெரகியாவின் மகன் மெசுல்லாமுக்கு. அந்த மெசுல்லாம் யார்? மூன்றாம் அதிகாரத்தில் இரண்டு இடத்தில் மதில் கட்டியவர். தன் அறைக்கு எதிரே கட்டினார் என்றேனே, அவரேதான். அதாவது பகலில் சம்பந்தியைத் தடுக்க மதில் கட்டுகிறார், சாயங்காலம் மகள் வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்பியிருப்பார்?

இதைவிடப் பெரிய சங்கடம் பட்டியலின் முதல் பெயரில் இருக்கிறது. அனானெயேல் கோபுரம் வரை கட்டிய எலியாசிப். அவருடைய பேரன்களில் ஒருவன் சன்பல்லாத்துக்கு மருமகன். கடைசி அதிகாரத்தில் நெகேமியா அவனைத் துரத்திவிடுகிறார். ஊரின் மிகப் பலவீனமான பக்கத்தைக் கட்டிய குடும்பமே எதிராளி வீட்டில் பெண் எடுத்திருக்கிறது. மதில் என்பது உள்ளே நாம், வெளியே அவர்கள் என்று கோடு போடுகிற சமாசாரம். கோடு போட்டவர்களின் வீட்டுக்குள்ளேயே கோடு அழிந்து கிடந்தது. நெகேமியா இதை மறைக்கவில்லை. ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் சொல்லவும் இல்லை. தனித்தனி இடத்தில் தனித்தனியாகப் போட்டுவிட்டார். சேர்த்துப் பார்ப்பது வாசகர் வேலை.

ஐந்தாம் அதிகாரம் இன்னும் மோசம். மதில் வேலை நடக்கும்போது ஜனங்கள் அழுதுகொண்டு வருகிறார்கள். தானியத்துக்காக நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்துவிட்டோம். ராஜாவின் வரி கட்டக் கடன் வாங்கினோம். எங்கள் பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியாள் இல்லை, சொந்த இனத்துப் பெரிய மனிதர்கள். நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. எல்லோரையும் கூட்டி வைத்து அடகு நிலங்களைத் திருப்பித் தரச் சத்தியம் வாங்குகிறார். கையோடு, தான் 12 வருஷம் கவர்னருக்குரிய சாப்பாட்டுப் படி வாங்கவில்லை என்று நமக்குச் சொல்லிவிட்டு, கடவுளே, இதை ஞாபகம் வைத்துக்கொள் என்று ஒரு மனுவும் போட்டுக்கொள்கிறார். நல்ல மனிதர்தான். தன்னடக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

இதே மனிதர் கடைசியில் அஸ்தோத், அம்மோன், மோவாப் ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டவர்களை அடித்து, தலைமயிரைப் பிடித்து இழுத்ததையும் தன் சாதனைக் கணக்கில்தான் எழுதுகிறார். படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. எதிரி உள்ளே வராமலிருக்கக் கட்டிய மதில், பக்கத்து ஊர் மருமகள் உள்ளே இருக்கக் கூடாது என்பதில் வந்து நிற்கிறது. நெகேமியாவை லீடர்ஷிப் புத்தகங்களில் ஹீரோவாக்குகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு ஆக்க வேண்டும்.

மதில் 52 நாளில் முடிந்தது என்கிறது புத்தகம். திறப்பு விழாவில் இரண்டு பாடகர் குழுக்கள் மதில்மேலேயே நடந்து ஆளுக்கொரு பக்கமாக ஊரைச் சுற்றுகின்றன. அதில் ஒன்று சூளைகளின் கோபுரத்தையும் அனானெயேலையும் மேயாவையும் தாண்டிப் போகிறது. நரி ஏறினால் இடிந்துவிடும் என்றாரே தொபியா, அந்த மதில்மேல். கிண்டலுக்குப் பதில் சொன்னதாக எங்கும் எழுதவில்லை. ஏழெட்டு அதிகாரம் காத்திருந்து, ஒரு கூட்டத்தையே மேலே ஏற்றி நடக்க விட்டுவிட்டார்.

இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதெல்லாம் நிஜமா?

அனானெயேல் கோபுரத்தின் ஒரு கல்லைக்கூட இதுதான் என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. இன்றைக்குக் கோயில் மலை என்கிறார்களே, அதன் வடமேற்குப் பக்கத்தில் எங்கோ நின்றிருக்கலாம் என்பது பரவலான ஊகம். தோண்டிப் பார்க்கக்கூடிய இடமும் இல்லை. பைபிளில் மொத்தமே நான்கு இடத்தில் வருகிறது: நெகேமியாவில் இரண்டு, எரேமியாவில் ஒன்று, சகரியாவில் ஒன்று. எரேமியா ஊர் எரிந்த காலத்து ஆள். அந்தப் புத்தகத்தில் ஊர் மறுபடி எழும் என்று சொல்லும்போது அனானெயேல் கோபுரத்திலிருந்துதான் அளவு தொடங்குகிறது. அப்படியானால் இடிவதற்கு முன்பே இருந்த பெயர். ஒன்றரை நூற்றாண்டு கல் கல்லாகச் சிதறிக் கிடந்த இடத்தை ஊர்க்காரர்கள் அதே பெயரில் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கோபுரம் விழுந்துவிட்டது, பெயர் நின்றுகொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்று இருக்கிறது. 1969-ல் தொடங்கி நஹ்மான் அவிகாத் என்ற தொல்லியல் அறிஞர் ஜெருசலேமின் பழைய நகரில் யூதக் குடியிருப்புப் பகுதியில் தோண்டினார். பூமிக்கடியில் ஒரு கோபுரத்தின் மிச்சம் கிடைத்தது. 8 மீட்டர் உயரத்துக்கு அப்படியே நிற்கிறது. அதன் காலடியில் சாம்பலும் அம்புமுனைகளும். பாபிலோன் படை வந்த நாட்களின் மிச்சம் என்று அவர் சொன்னார். அந்த அம்புகளை யாரோ எய்தார்கள், யாரோ தடுத்தார்கள். கல் இருக்கிறது, நெருப்பு இருந்த தடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தக் கோபுரத்தை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பது மட்டும் தெரியாது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ஜெருசலேமுக்குப் போகிற டூரிஸ்ட்டுகள் எல்லோரும் யாப்பா வாசல் பக்கத்தில் தாவீதின் கோபுரம் என்று ஒன்றைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கோட்டைக்குள் 1989-ல் ஒரு மியூசியம் திறந்தார்கள். அதன் பெயரும் தாவீதின் கோபுரம்தான். தாவீதுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் காலத்துக்குச் சுமார் ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு ஏரோது மன்னன் கட்டிய மூன்று கோபுரங்களில் ஒன்றின் அடித்தளம் அது. மேலே நிற்பதெல்லாம் பிற்பாடு வந்தவர்கள் கட்டியது. பைசாந்தியக் காலத்தில் யாரோ தாவீது என்று ஆரம்பித்தார்கள், ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த மூன்று கோபுரங்களைப் பற்றி யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் விலாவாரியாக எழுதியிருக்கிறார். முதலில் ரோமாபுரிக்கு எதிராகச் சண்டை போட்டு, பிடிபட்டு, பிறகு ரோமானியர்களோடு சேர்ந்து, அவர்கள் தயவில் ரோமில் உட்கார்ந்து எழுதியவர். எழுத்தாளர் என்று பார்த்தால் நெகேமியாவைவிடக் கெட்டிக்காரர். ஒரு கோபுரம் 80 முழம், இன்னொன்று 90 முழம், அலெக்சாண்ட்ரியாவின் கலங்கரை விளக்கம் மாதிரி, உள்ளே குளியலறை, மாடம், தண்ணீர்த் தொட்டி. கண் முன்னால் கட்டி எழுப்பிவிடுகிறார். கொஞ்சம் அளப்பும் உண்டு. வெள்ளைச் சலவைக்கல் என்கிறார். இன்றும் நிற்கிற அடித்தளமோ உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்.

பெயர்களும் சொல்கிறார். ஏரோது தன் நண்பன் பெயரை ஒன்றுக்கு வைத்தான், ஹிப்பிக்கஸ். அண்ணன் பெயரை ஒன்றுக்கு, பசாயேல். மூன்றாவது, மனைவி மரியாம்னே. பெண் பெயர் என்பதால் அதற்கு அலங்காரம் அதிகமாம். அந்த மரியாம்னேயைக் கி.மு. 29-ல் கொல்லச் சொன்னதும் இதே ஏரோதுதான். கொன்றுவிட்டு, கோபுரத்தில் பெயர். கி.பி. 70-ல் டைட்டஸ் ஊரைத் தரைமட்டமாக்கியபோது இந்த மூன்றையும் விட்டு வைத்தான். எவ்வளவு பலமான ஊரைப் பிடித்திருக்கிறோம் என்று பின்னால் வருகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று.

யோசேபஸின் வர்ணனையில் எல்லாம் இருக்கிறது. முழக்கணக்கு, கல்லின் நீள அகலம், கட்டியவன் பெருமை, விட்டு வைத்தவன் பெருமை. அந்தக் கல்லை ஏற்றியவர் ஒருவர் பெயர்கூட இல்லை. நெகேமியாவில் முழக்கணக்கு அநேகமாக இல்லை, அழகு இல்லை, கோபுரம் எப்படி இருந்தது என்றே தெரியாது. ஆனால் தைலக்காரர் அனனியா இருக்கிறார். ஏரோதின் கோபுரம் இன்றும் நிற்கிறது, வேறு யாருடைய பெயரிலோ. அனானெயேல் நிற்கவில்லை, கட்டியவர்கள் நிற்கிறார்கள். இரண்டு எழுத்தில் எது உசத்தி என்று கேட்டால், திறமைக்கு யோசேபஸ், நேர்மைக்கு அந்த மஸ்டர் ரோல் என்பேன்.

அந்த நேர்மைக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 2007-ல் எய்லாத் மஸார் என்ற தொல்லியல் அறிஞர் தாவீதின் நகரம் என்று அழைக்கப்படும் பகுதியில் ஒரு மதில் துண்டையும் கோபுரத்தையும் காட்டி, இது நெகேமியாவின் மதில் என்று அறிவித்தார். இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைன் என்ற இன்னொரு அறிஞர், இல்லை என்றார். பாரசீகக் காலத்து ஜெருசலேமில் சில நூறு பேர்தான் வாழ்ந்திருக்க முடியும், மண்ணில் கிடைப்பது அதைத்தான் காட்டுகிறது, மூன்றாம் அதிகாரம் சொல்லும் பெரிய மதில் அதற்குச் சில நூற்றாண்டு பிந்திய நிலவரமாக இருக்கலாம் என்று 2008-ல் எழுதினார். வேறு சிலர், மதில் சிறிது, பட்டியல் நிஜம் என்கிறார்கள். வழக்கு முடியவில்லை.

புத்தகமே ஓரளவு ஃபிங்கல்ஸ்டைன் பக்கம் சாட்சி சொல்கிறது என்பதுதான் வேடிக்கை. மதில் முடிந்ததும் நெகேமியா, ஊர் பெரியது, ஆட்கள் கொஞ்சம், வீடுகள் கட்டப்படவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டு, பத்துப் பேருக்கு ஒருவரை உள்ளே குடிவைக்கிறார்கள். பெருமைக்காகப் புனைகிறவன் காலி ஊரைக் காட்ட மாட்டான். அதனால் பட்டியல் முழுக்கக் கற்பனை என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மதில் எவ்வளவு நீளம் என்பதைத் தொல்லியல்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். குப்பைமேட்டு வாசலைக் கட்டிய வட்டாரத் தலைவரையும், குனிய மறுத்த தெக்கோவாப் பிரபுக்களையும் ஒருவர் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்தார் என்றால், அவர் நம் எல்லோரையும்விடப் பெரிய எழுத்தாளர்.

ஒரு யோசனை. அடுத்த முறை அந்த அதிகாரத்தை எடுத்தால் பக்கத்தில் பென்சிலும் பேப்பரும் வைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டமாக ஒரு கோடு. மேலே ஆட்டுவாசல். இடதுபக்கமாகக் கீழே இறங்கி, குப்பைமேட்டு வாசலில் திரும்பி, வலதுபக்கமாக ஏறி மறுபடி ஆட்டுவாசல். படித்துக்கொண்டே பெயர்களைக் கோட்டின்மேல் எழுதிக்கொண்டு போங்கள். அரைமணி நேரத்தில் உங்கள் கையில் ஒரு ஊர் இருக்கும். பைபிளில் வேறெங்கும் அந்த ஊரின் சுற்றளவை இப்படி ஒரு சுற்று நடந்து பார்க்க முடியாது.

எழுதும்போது பன்னிரண்டாவது வசனத்தில் நில்லுங்கள். ஊரின் பாதிக்குத் தலைவரான சல்லூம் என்பவர் வருகிறார். அவரும் அவர் மகள்களும் சேர்ந்து பழுது பார்த்தார்கள் என்றிருக்கிறது. இந்தப் பட்டியலில் பெண்கள் வரும் ஒரே இடம். சில உரைகாரர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஹீப்ருவில் ஓர் ஊரைச் சேர்ந்த கிராமங்களையும் மகள்கள் என்று சொல்வதுண்டு, அதனால் இங்கே மகள்கள் என்றால் கிராமங்கள் என்கிறார்கள். 'அவர் மகள்கள்' என்று ஒரு மனிதரோடு சேர்த்துச் சொல்லியிருக்கும்போது நேர்ப்பொருள் மகள்கள்தான். சூளைகளின் கோபுரத்துக்கு அடுத்த பகுதியில் கல் சுமந்த பெண்கள்.

இந்தப் பட்டியலிடம் எனக்கிருக்கும் பெரிய குறையும் இங்கேதான். அப்பன் பெயர், ஊர்ப் பெயர், தொழில் என்று ஒவ்வொருவருக்கும் தேடித் தேடி எழுதியவர், அந்தப் பெண்களின் பெயரைக் கேட்டு எழுதவில்லை. எத்தனை பேர் என்றுகூடச் சொல்லவில்லை.